வயலை விற்க வேண்டாம் அண்ணாச்சி, பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம்

அண்ணாச்சி, உங்கள் கடிதம் கிடைத்தது. மகளின் பனிச்சறுக்குப் பயிற்சிக்காக வயலை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், முதலில் அந்த விஷயம். விற்க வேண்டாம், ஒத்திக்கும் வைக்க வேண்டாம். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை பனிச்சறுக்கு வீராங்கனை ஆகணும் என்று சொல்வது ஒன்று. யாரோ ஒருவர் போனில் ஐரோப்பாவில் பயிற்சி, ஒலிம்பிக் வரைக்கும் எங்கள் பொறுப்பு என்று சொல்லி முன்பணம் கேட்பது வேறொன்று. பிள்ளை சொல்வதை நான் மனதார மதிக்கிறேன். போன் பண்ணியவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், ஒலிம்பிக்கில் காசு கொடுத்து இடம் வாங்க முடியாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மலை உச்சியிலிருந்து தலைதெறிக்க இறங்குகிற சறுக்கை டிவியில் பார்த்துவிட்டுப் பயந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதற்கு ஆல்பைன் என்று பெயர். உங்கள் மகள் கேட்பது கிராஸ் கன்ட்ரி. காலில் மாட்டுகிற சறுக்குப் பலகையான ஸ்கீ இதில் மெல்லியதாக, நீளமாக இருக்கும், முன்பாதம் மட்டும் மாட்டியிருக்கும், குதிகால் தூக்கலாம். இரண்டு கையிலும் கோல். ஏற்றம், இறக்கம், சமதளம் எல்லாவற்றையும் தன் மூச்சையும் கைகால் பலத்தையும் வைத்தே கடக்க வேண்டும், 10 கிலோமீட்டரோ 50 கிலோமீட்டரோ. உடம்பு எவ்வளவு ஆக்சிஜனை வாங்கிப் பயன்படுத்துகிறது என்று அளந்தால், எல்லா விளையாட்டுக்காரர்களிலும் உச்சத்தில் நிற்பவர்களில் இவர்கள் உண்டு. அதனால்தான் 3000 மீட்டர் ஓடுகிற பிள்ளை இதைக் கேட்பது எனக்கு விபரீதமாகப் படவில்லை. மாவட்டப் போட்டியில் 11 நிமிடம் 20 வினாடி என்று எழுதியிருக்கிறீர்கள். மாவட்டத்துக்கு அது நல்ல நேரம், தேசிய அளவுக்கு இன்னும் நிறையக் குறைக்க வேண்டும்.

பனியே இல்லாத நாட்டிலிருந்து போனவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறார்கள். கென்யாவின் பிலிப் போயிட் 800 மீட்டர் ஓட்டக்காரர். பின்லாந்துக்குப் போய்ப் பனியில் பழகி, 1998 நகானோ ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் போட்டியில் இறங்கினார். நார்வேயின் பியோர்ன் டேலி 27 நிமிடத்தில் முடித்துத் தங்கம் வாங்கினார், போயிட் கடைசியாக வந்தது அதற்கு 20 நிமிடம் கழித்து. டேலி அதுவரை எல்லைக்கோட்டில் காத்திருந்து அவரைக் கட்டிப்பிடித்தார். இந்தக் கட்டிப்பிடித்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பெற்றோராக நீங்கள் பார்க்க வேண்டியது அந்த 20 நிமிடத்தை. நல்ல நெஞ்சுரமும் நுரையீரலும் உள்ள ஒரு ஓட்டக்காரர், இரண்டு வருடப் பயிற்சிக்குப் பிறகும் அவ்வளவு பின்னால் இருந்தார் என்றால், பனியில் சறுக்கும் பக்குவம் எவ்வளவு மெதுவாகக் கைகூடுகிறது என்று புரியும். அவர் அதோடு விடவில்லை, 2002-லும் 2006-லும் ஒலிம்பிக் போனார்.

நம் நாட்டில் நதீம் இக்பால் 2014 சோச்சியில் 15 கிலோமீட்டரில் 85-வது இடம், ஜெகதீஷ் சிங் 2018 பியோங்சாங்கில் 103-வது இடம். இருவரும் ராணுவத்துக்காரர்கள். இது தற்செயல் இல்லை. இங்கே இந்த விளையாட்டுக்குச் சம்பளமும் பனியும் பயிற்சியாளரும் ஒரே இடத்தில் கிடைப்பது ராணுவத்திலும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிலும்தான். காஷ்மீரின் குல்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி இருக்கிறது, உத்தராகண்டின் ஆலியில் எல்லைக் காவல் படையின் மலையேற்ற, பனிச்சறுக்குப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனால் உங்கள் மகள் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்ன அந்தப் படம் கிராஸ் கன்ட்ரி வீராங்கனை பவானியுடையது என்றால், அவள் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாள். குடகிலிருந்து, அதாவது பனியே விழாத ஊரிலிருந்து போனவர். 2025-ல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் பந்தயத்தில் 5 கிலோமீட்டரில் வெண்கலம் வாங்கினார். கிராஸ் கன்ட்ரியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் பதக்கம் என்று அதைச் செய்திகளில் சொன்னார்கள். குடகுப் பெண்ணால் முடிந்தது உங்கள் களக்காட்டுப் பெண்ணால் முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

இப்போது அந்த முன்பண விஷயம். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி போடுகிறது. முதலாவது வந்தவருக்கும் நமக்கும் எத்தனை வினாடி இடைவெளி என்பதிலிருந்து அந்தக் கணக்கு வருகிறது. இங்கே புள்ளி குறையக் குறையத்தான் நல்லது. ஐந்து பந்தயங்களின் சராசரியை எடுத்துப் பார்ப்பார்கள். 2018 ஒலிம்பிக்குக்குச் சிறிய நாட்டு வீரர்களுக்கு அந்தச் சராசரி 300-க்குள் இருந்தால் போதும் என்று இருந்தது. டோங்கா தீவின் பீட்டா டௌபடோஃபுவா சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீயில் ரோட்டில் பழகி, பனிப் பந்தயத்துக்கு நாடு நாடாக அலைந்து, கடைசி நேரத்தில் ஐஸ்லாந்தில் போய்த்தான் தேறினார். ஆக, புள்ளியை ஓடித்தான் வாங்க வேண்டும், ஏஜென்ட் வாங்கித் தர முடியாது. இந்தியாவுக்கு இடம் கிடைத்தாலும், ஒன்றுக்கு மேற்பட்டவர் தகுதி பெற்றால் யார் போவது என்பது அப்புறம் ஒரு போட்டி.

சரி, களக்காட்டில் இருந்துகொண்டு என்ன செய்வது? நிறையச் செய்யலாம். அடுத்த இரண்டு வருடத்துக்குத் தேவையானதில் பெரும்பகுதி பனி இல்லாமலே நடக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டம், அதில் ஒரு நாள் நீண்ட தூரம். குளத்துக்கரைச் சரிவில் இரண்டு கையிலும் கோல் ஊன்றி ஏறி இறங்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுச் சறுக்கு வீரர்களும் கோடையில் மலைச்சரிவில் இதையேதான் செய்கிறார்கள். தோளும் முதுகும் வயிறும் சேர்ந்து வேலை செய்தால்தான் கோலை ஊன்றித் தள்ள முடியும், வெறும் ஓட்டக்காரர்களுக்கு அங்கேதான் ஓட்டை விழும். ஆறு மாதம் இதை விடாமல் செய்தால் ஒரு ஜோடி ரோலர் ஸ்கீ வாங்கிக் கொடுங்கள், பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்று சொல்லிவிடுகிறேன், பெரும்பாலான ரோலர் ஸ்கீயில் பிரேக் கிடையாது. அதனால் நான்குவழிச் சாலைப் பக்கமே போகக் கூடாது. மண் அதிகம் கிடக்காத, ஆள் நடமாட்டம் குறைந்த சமதள உள்ரோடாகப் பார்த்து, விடிவதற்கு முன்னால் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். தலையில் ஹெல்மெட், முழங்காலில் உறை, பின்னால் டூவீலரில் நீங்கள். கோலின் இரும்பு முனை தார் ரோட்டில் டக் டக் என்று விழுகிற சத்தத்தில் ஊர் நாய்கள் எல்லாம் துரத்தும், முதல் வாரம் அதற்கும் தயாராக இருங்கள்.

பனியைப் பார்க்க எப்போது போவது என்பதில்தான் பெற்றோர்கள் அவசரப்படுகிறார்கள். நம் நாட்டில் நல்ல பனி ஜனவரி முதல் மார்ச் வரை. பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச். இரண்டும் நேருக்கு நேர் மோதும், எனவே பிளஸ் டூ வருடம் பனிப் பேச்சே வேண்டாம். இந்த வருடம் ஜனவரியில் முடிந்தால் ஒரு குறுகிய பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள். குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது, மணாலியில் வாஜ்பாய் பெயரில் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. இங்கெல்லாம் வழக்கமான வகுப்பு பெரும்பாலும் இறங்கு சறுக்குதான், கிராஸ் கன்ட்ரி சொல்லிக் கொடுப்பீர்களா என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். திருநெல்வேலியிலிருந்து கத்ராவுக்கு ரயில் உண்டு. 2025 ஜூனிலிருந்து கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் ஓடுகிறது, அங்கிருந்து குல்மார்க் ரோடு வழி. குல்மார்க் 2600 மீட்டருக்கு மேல் உயரம், முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கும், அன்றைக்கே ஓடவிடாதீர்கள்.

பயிற்சி முடிந்த அன்றைக்குப் பிள்ளையிடம் ஒன்றைக் கேளுங்கள்: விழுந்து விழுந்து எழுந்த பிறகும் நாளைக்குப் போகணும் என்று இருக்கிறதா? போதும் என்றால் போதும்தான், ஓட்டமும் உடம்பும் அவளோடு இருக்கும். போகணும் என்றால் அடுத்த கட்டம் பற்றிப் பேசலாம்.

அந்த அடுத்த கட்டத்துக்குக் கல்லூரியை இப்போதே மனதில் வைக்க வேண்டும். வருடத்தில் மூன்று மாதம் வடக்கே இருக்க வேண்டியவள், வருகைப்பதிவு கறாரான படிப்பில் சேர்ந்தால் இரண்டும் கெடும். பிசியோதெரபி அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றீர்கள், அருமையான படிப்பு. ஆனால் அதையும் முழுநேரப் பனிச்சறுக்கையும் ஒரே சமயத்தில் ஓட்டுவது மிகக் கஷ்டம். ஒரு பட்டப்படிப்பை விளையாட்டுக்கு விடுப்பு தருகிற கல்லூரியில் முடித்துவிட்டு, அப்புறம் உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். என்று போனால் (திருச்செந்தூரிலேயே உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது) ஆசிரியர் வேலை, பயிற்சியாளர் வேலை இரண்டுக்கும் கதவு திறந்திருக்கும். கல்லூரியில் என்.சி.சி. கட்டாயம் சேரட்டும். மலையேற்றப் பயிற்சிக்கு மாணவர்களை அவர்களே அனுப்புகிறார்கள், சி சான்றிதழ் ராணுவ, காவல் படைத் தேர்வுகளில் கைகொடுக்கும். அக்னிவீர் வழி போவதானால் நான்கு வருடம்தான், அதில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. எந்த விளையாட்டு, எந்த அளவு பதக்கம் என்ற பட்டியலைப் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் போய்ப் பாருங்கள். ஓட்டத்தில் வாங்கும் சான்றிதழும் அந்தக் கணக்கில் வரலாம், அதனால் ஓட்டப் போட்டிகளை இப்போதே விட்டுவிட வேண்டாம்.

பொம்பளப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று அக்கா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம். முதல் தடவை இருவரில் ஒருவர் கூடவே போய் இருங்கள், தங்குமிடம், பயிற்சியாளர், உடன் வரும் பெண் பிள்ளைகள் எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். அப்புறம் அக்காவே சொல்லட்டும்.

இந்த வாரம் இதைச் செய்தால் போதும்: பள்ளி உடற்கல்வி ஆசிரியர் முன்னால் ஒரு 3000 மீட்டர், மறுநாள் ஒரு 10 கிலோமீட்டர் ஓடவிட்டு நேரத்தைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து அளவையும் பார்த்துவிடுங்கள், இந்த வயதில் ஓடுகிற பெண் பிள்ளைகளுக்கு அது குறைவது சகஜம், அது சரியில்லாமல் மேற்கொண்டு பயிற்சியைக் கூட்ட நான் சம்மதிக்க மாட்டேன். அந்த மூன்று எண்ணும் வந்ததும் ஜனவரிப் பயணத்துக்கு உட்கார்ந்து திட்டம் போடுவோம்.