தூத்துக்குடி – கொச்சி லாரி ஓட்டம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாகக் கொச்சிக்கு ட்ரெய்லர் ஓட்டியவன் நான். இப்போது நாகர்கோவிலில் லோடு புக்கிங் பார்க்கிறேன். இந்த ஓட்டத்தைப் பற்றி நம் மாவட்டத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணாச்சி, வழியில் இ-வே பில் காலம் முடிந்துவிட்டால் என்ன செய்ய? (தக்கலை)

இ-வே பில் என்பது ஜி.எஸ்.டி.யின்படி சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு. அதன் காலம் முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னாலிருந்து, முடிந்து 8 மணி நேரம் வரைக்கும் காரணம் காட்டி நீட்டிக்கலாம். அதை விட்டுவிட்டுப் பிடிபட்டால் சரக்கோடு வண்டியும் நிற்கும். அபராதமும் வரியைப்போல் இரண்டு மடங்கு வரைக்கும் போகும்.

ஆனால் கோளாறு பெரும்பாலும் பில் போடும்போதே தொடங்கிவிடுகிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேல் கொஞ்சம் போனாலும் இன்னொரு நாள் என்பது கணக்கு. நம் ரூட் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அதாவது, சரக்கு இறங்கும் குடோன் கொஞ்சம் தள்ளி இருந்தாலே 2 நாள் 3 நாளாகிவிடும். அதனால் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல், குடோன் எங்கே, வண்டி எந்த வழியாகப் போகிறது என்றும் சொல்லிப் பில் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, முதல் நாள் என்பது பில் போட்டதற்கு மறுநாள் முடிகிற நள்ளிரவு வரைக்கும் ஓடும். அது தெரியாமல் டிரைவரை விரட்டுகிற முதலாளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வண்டி பழுதாகி வேறு லாரிக்கு மாற்றினால் புது பில் போட வேண்டுமா? (மார்த்தாண்டம்)

வேண்டாம். அதே பில்லில் வண்டி விவரம் இருக்கும் பகுதி 'பி'யில் புது வண்டி எண்ணை ஏற்றினால் போதும். ஏற்றிய பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும்.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு களியக்காவிளையில் சோதனையே இல்லை என்கிறார்களே? (குழித்துறை)

2017 ஜூலையோடு வணிக வரிச் சாவடிகள்தான் போயின. போலீஸ், கலால், ஆர்.டி.ஓ. ஆட்கள் எங்கே வேண்டுமானாலும் கை காட்டலாம். நேஷனல் பர்மிட், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் கையில் இருக்கட்டும்.

முந்திரிக் கொட்டை லோடு. இரண்டு டன் கூடினால் பெரிய தப்பா? (கருங்கல்)

தப்புதான் தம்பி. 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அது போகக் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். இரண்டு டன்னுக்கு 24,000 ஆகிறது. அந்த இரண்டு டன்னுக்கு வாடகையாக எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு ஆக்சில் லாரிக்கு வண்டி எடையும் சேர்த்து 18.5 டன், மூன்று ஆக்சிலுக்கு 28.5 டன் வரைக்கும்தான். ட்ரெய்லர் என்றால் கன்டெய்னரின் சொந்த எடையையும் மறக்காதீர்கள்; 20 அடிப் பெட்டியே வெறுமையாக இரண்டு டன்னுக்கு மேல் வரும்.

செங்கோட்டை வழியாகப் போகலாமா? (பூதப்பாண்டி)

கொல்லத்துக்குச் சின்ன வண்டி என்றால் சரி. 40 அடி ட்ரெய்லரோடு அந்த வழியிலுள்ள ஆரியங்காவு மலை வளைவுகளில் போக நான் சொல்ல மாட்டேன்.

காலிப் பெட்டியோடு திரும்பும்போது ஆரல்வாய்மொழியில் வண்டி ஆடுகிறது. ஏன்? (தோவாளை)

அது மலை இடைவெளியில் புகுந்து வரும் காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டதே அதற்காகத்தானே. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது பலமாக இருக்கும். காலிப் பெட்டிக்கு எடை இல்லை, காற்று பிடிக்கிற பக்கமோ பெரிது. பெட்டியை ட்ரெய்லரோடு பிணைக்கும் ட்விஸ்ட் லாக் நான்கும் பூட்டியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். வேகத்தைக் குறையுங்கள், அங்கே ஓவர்டேக் எடுக்காதீர்கள்.

என் மகன் ராத்திரி முழுக்க ஓட்டுகிறான். சட்டம் எதுவும் இல்லையா? (குலசேகரம், ஒரு அம்மா)

இருக்கிறது அம்மா. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் போகுமுன் அரை மணி நேர ஓய்வு என்று அதில் இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது; அதிலும் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான். நடைமுறையில் யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் வேதனை. முதலாளியிடம் இரண்டாவது டிரைவர் கேட்கச் சொல்லுங்கள். தரவில்லை என்றால், விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் ஓட்டாமல் பெட்ரோல் பங்கில் ஒதுக்கித் தூங்கட்டும். லோடு ஒரு நாள் தாமதமானால் பில்லை நீட்டிக்க வழி இருக்கிறது, அதைத்தான் முதலில் சொன்னேன். அவனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.