தாமரைக்கு அல்லி உறவில்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தாவரவியல் முதலாண்டு மாணவி. ஒரு குளத்தின் செடிகளைப் பட்டியலிட்டு வருகிறேன். பழைய பாடநூல் ஒன்று தாமரையையும் அல்லியையும் ஒரே குடும்பம் என்கிறது. புதிய நூலோ இரண்டுக்கும் நெருங்கிய உறவே இல்லை என்கிறது. வெங்காயத்தாமரையின் பேரினப் பெயரும் நூலுக்கு நூல் மாறுகிறது. புரியாத லத்தீனில் பெயர் வைத்துவிட்டு, அதையும் மாற்றிக்கொண்டே இருந்தால் எப்படி? தமிழ்ப் பெயரையே எழுதினால் என்ன?

க.

அன்புள்ள க.,

தமிழ்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். வெங்காயத்தாமரை தாமரையல்ல. ஆகாயத்தாமரை என்ற பெயரைச் சிலர் அதற்கே சொல்கிறார்கள். வேறு சிலர், சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த மிதக்கும் செடி ஒன்றுக்குச் சொல்கிறார்கள். ஓரிதழ்த்தாமரை தரையில் வளரும் சிறு செடி. இவையெல்லாம் அழகான பெயர்கள், பட்டியலில் அவசியம் எழுதுங்கள். ஆனால் ‘ஆகாயத்தாமரை குளத்தை மூடிவிட்டது’ என்று மட்டும் எழுதினால், மூடியது எந்தச் செடி என்று படிப்பவருக்குத் தெரியாது.

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸுக்கு முன்பு அறிஞர்கள் வைத்த பெயர்களிலும் வேறொரு சங்கடம் இருந்தது. பெயரே வருணனையாக இருந்தது: கிளை இப்படி, தண்டு இப்படி, இலை விளிம்பு இப்படி என்று ஒரு வரி நீளும். அதைப் போன்ற இன்னொரு செடி கிடைத்துவிட்டால், வேறுபாடு காட்ட மேலும் சில சொற்களைச் சேர்க்க வேண்டும். 1753-இல் வெளியான நூலில் லின்னேயஸ் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் பேரினப் பெயரோடு ஒற்றைச் சொல் ஒன்றைச் சேர்த்தார். தாவரப் பெயரிடல் விதிகள் இன்றும் அந்த ஆண்டிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றன.

அந்த இரண்டாம் சொல் செடியை முழுதாக வருணிக்க வேண்டியதில்லை, சுட்டினால் போதும். அது எந்தச் செடியைச் சுட்டுகிறது என்பதற்குச் சான்று வகை மாதிரி. பெரும்பாலும் உலர்த்தித் தாளில் ஒட்டிக் காப்பகத்தில் வைத்த ஒரு செடி அது. சில வேளை ஓர் ஓவியம். முதற்சொல்லாகிய பேரினப் பெயரின் வேலை வேறு. இந்தச் செடிக்கு எவை நெருங்கிய உறவு என்பதை அது சொல்கிறது. உறவைப் பற்றிய கருத்து பிழையாகவும் இருக்கலாம். அந்தக் கருத்தைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டதால், கருத்து திருந்தும்போது பெயரும் மாறுகிறது. இதை நான் குறையாகவே நினைக்கவில்லை. பிழையென்று தெரிந்த உறவைப் பெயரில் சுமந்துகொண்டிருப்பதுதான் எனக்குப் பெரிய குறை.

தாமரையையே பாருங்கள். லின்னேயஸ் அதை அல்லியின் பேரினத்தில் வைத்து ‘நிம்ஃபையா நெலும்போ’ என்றார். அவருடைய வகுப்புகள் பெரிதும் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையை வைத்து அமைந்தவை. அது வசதிக்கான செயற்கை முறை என்பது அவருக்கே தெரியும். அடுத்த முறை குளத்துக்குப் போகும்போது இலைகளைக் கவனியுங்கள். அல்லி இலையில் காம்பு வரை ஒரு பிளவு ஓடும். தாமரை இலை பிளவில்லாத வட்டம். காம்பு நடுவில் சேரும். தாமரை விதைகள் கூம்புபோன்ற மேடையில் தனித்தனிக் குழிகளில் உட்கார்ந்திருக்கும்; அல்லியில் அப்படி இல்லை. நுண்ணோக்கி கிடைத்தால் மகரந்தத்தையும் பாருங்கள்: தாமரை மகரந்தத்தில் மூன்று திறப்புப் பள்ளங்கள் இருக்கும். அவரை, ரோஜா, சூரியகாந்தி எல்லாம் அடங்கிய பெருங்கிளையின் அடையாளம் அது. அல்லியோ, அந்தக் கிளை தோன்றுவதற்கு முன்பே பிரிந்துபோன பழைய கால்வழி. மரபணுத் தொடர்களை ஒப்பிட்ட பன்னாட்டு அறிஞர் குழு, 1998-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் தாமரையைப் பிளேன் மரமும் மக்கடாமியாவும் இருக்கும் வரிசையில் சேர்த்தது. தண்ணீரில் வளரும் ஒரு மெல்லிய செடிக்கு நெருங்கிய உறவினர் அந்த மரங்கள் என்பதை முதன்முதலாகப் படித்த நாளின் வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தாமரையைத் தனிப் பேரினமாகப் பிரிக்கும்போது பழைய இரண்டாம் சொல்லைக் காப்பாற்றுவதுதான் வழக்கம். காப்பாற்றினால் ‘நெலும்போ நெலும்போ’ என்றாகும். விலங்கியலில் ‘கொரில்லா கொரில்லா’ உண்டு. தாவரவியல் விதி அத்தகைய இரட்டிப்பை ஏற்பதில்லை. எனவே 1788-இல் கேர்ட்னர் வைத்த ‘நெலும்போ நூசிஃபெரா’ நிலைத்தது. நெலும்போ என்பது பிறப்பால் லத்தீனும் அல்ல. தாமரைக்குச் சிங்களத்தில் உள்ள ‘நெலும்’ என்ற சொல்தான் அது.

வெங்காயத்தாமரையை 1823-இல் மார்டியஸ் ‘பொன்டெடீரியா கிராசிப்ஸ்’ என்றார். 1883-இல் அது ‘ஐகார்னியா’ பேரினத்துக்குப் போயிற்று. 2018-இல் மறு ஆய்வு செய்தவர்கள் அதைப் பொன்டெடீரியாவுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் உடனே ஏற்பதில்லை என்பதால்தான் நூலுக்கு நூல் வேறுபடுகிறது. இத்தனை மாற்றத்திலும் ‘பருத்த காலுடையது’ என்று பொருள்படும் கிராசிப்ஸ் மாறவே இல்லை. பழைய நூல்களில் இந்தச் செடியைத் தேடும்போது அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

உங்கள் பட்டியலில் புதிய பெயரை எழுதி, பக்கத்தில் பழைய பெயரையும் நீங்கள் கேட்ட தமிழ்ப் பெயரையும் குறியுங்கள். ஒவ்வொரு செடியிலும் ஒரு மாதிரி எடுத்து உலர்த்தி, இடமும் நாளும் எழுதி வையுங்கள். தாமரைப் பூ தடிப்பானது, முழுதாக அழுத்தினால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். நெடுக்காக இரண்டாக வெட்டி, தாள்களை அடிக்கடி மாற்றி உலர்த்துங்கள். நிறத்தை அன்றே எழுதிவிடுங்கள். காய்ந்த பூவில் அது நிற்காது.