நாட்பட்ட சோர்வு நோய்க்கு வைரஸ் காரணமா? 2009-இல் கண்டுபிடித்ததாகச் சொன்ன வைரஸ் என்ன ஆயிற்று?

அது ஆய்வகத்திலேயே பிறந்த வைரஸ், நோயாளிகளிடமிருந்து வந்ததல்ல.

பெயர் எக்ஸ்எம்ஆர்வி. 101 நோயாளிகளில் 68 பேரிடமும், நலமாக இருந்த 218 பேரில் 8 பேரிடமும் அது இருப்பதாக 2009 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. மற்ற ஆய்வகங்கள் தேடியபோது அகப்படவில்லை. 2011 டிசம்பரில் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

கோளாறு பிசிஆரில், அதாவது டிஎன்ஏவைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனையில். ஒருமுறை பெருக்கியதை எடுத்து மறுபடி பெருக்கும் இரட்டைச் சுற்று முறையில், குழாய்க்குள் ஒரே ஒரு டிஎன்ஏ துண்டு தவறி விழுந்திருந்தாலும் முடிவைப் பார்க்கும் ஜெல்லில் பட்டை, அதாவது 'இருக்கிறது' என்ற அடையாளம், பளிச்சென்று தெரியும். சுண்டெலியின் மரபணுத் தொகுதியில் இந்த வைரஸின் உறவுக்காரத் துண்டுகள் ஏராளம். அந்த டிஎன்ஏ எப்படி உள்ளே வரும்? டிஎன்ஏவைப் பெருக்குவது டாக் என்ற நொதி; சூடேறும்வரை அதை அடக்கிவைக்கச் சேர்க்கும் ஆன்டிபாடி சில தயாரிப்புகளில் சுண்டெலிச் செல்லில் தயாரானது. நொதிப் புட்டியிலேயே கலப்படம்!

இரண்டு குழாயில் மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்து, 'பட்டை வரவில்லை, சுத்தம்தான்' என்று சொல்வது போதாது. கலப்படம் எல்லாக் குழாயிலும் விழாது, அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். தண்ணீர்க் குழாய்கள் நிறைய வேண்டும். நோயாளி மாதிரி எது, மற்றது எது என்று சோதிப்பவருக்குத் தெரியக்கூடாது. கூடவே, சுண்டெலி டிஎன்ஏ கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஐஏபி சோதனை: ஒரு சுண்டெலிச் செல்லில் ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் உள்ள துண்டு இது. மனித ரத்த மாதிரியில் இது தென்பட்டால் அந்த முடிவைக் குப்பையில் போடலாம்.

வைரஸின் பிறப்பிடமும் தெரிந்துவிட்டது. புரோஸ்டேட் புற்றுக்கட்டி ஒன்றைச் சுண்டெலிகளில் ஒட்டி வளர்த்தபோது, 1993-க்கும் 1996-க்கும் இடையில், எலியின் இரண்டு வைரஸ் துண்டுகள் இணைந்து உருவானது அது. அந்தக் கட்டியிலிருந்து வந்ததுதான் 22ஆர்வி1 என்ற செல் வரிசை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள். மனிதருக்கு மனிதர் பரவும் வைரஸ் போகப்போக மாறும். இங்கேயோ வெவ்வேறு நோயாளிகளிடம் 'எடுத்த' வைரஸின் மரபணு எழுத்துகளுக்கிடையே இருந்த வேறுபாடு, அந்த ஒரு செல் வரிசையின் வைரஸ்களுக்குள் இருந்ததைவிடக் குறைவு. என் கணக்கில் வழக்கு அங்கேயே முடிந்தது.

அதற்காக வைரஸுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், க்யூ காய்ச்சல் வந்த 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்தில் சுமார் 11 சதவீதத்தினருக்கு நாட்பட்ட சோர்வு நோய். க்யூ காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது, கவனியுங்கள். எந்தக் கிருமி என்பதைவிட, தொடக்கக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே பின்விளைவைக் காட்டியது.

ஆகவே எப்ஸ்டீன்-பார் ஐஜிஜி (முன்பு எப்போதோ தொற்று வந்ததைக் காட்டும் ஆன்டிபாடி) 'பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்தால் காரணம் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது பாசிட்டிவ்தான்.