நாலு பேருக்கு லைட்வெயிட் டென்ட்: ஒன்னு பெருசா வாங்குறதா, ரெண்டு சின்னதா வாங்குறதா?

காஜாங்கிலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அவங்க, வீட்டுக்காரரு, தம்பி, தம்பியோட கூட்டாளி, மொத்தம் நாலு பேரு. இதுவரைக்கும் காலையில ஏறி சாயந்தரம் இறங்குற மலைதான் போயிருக்காங்க, இப்ப நுவாங் மலையில ஒரு ராத்திரி தங்கணும், அப்புறம் பினாங்கு கெராச்சுட் கடற்கரை, முடிஞ்சா அடுத்த வருஷம் தஹான் மலை. கையில 1200 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. நாலு பேரு படுக்குற ஒரே டென்ட் எடுக்கலாமா, ரெண்டு பேரு டென்ட் ரெண்டு எடுக்கலாமா, எத்தனை கிலோ இருந்தா நல்லது, ஆன்லைன்ல ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க ஒன்னும் புரியலண்ணே, இதான் கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். ரெண்டு பேரு டென்ட் ரெண்டு எடுங்க, கூட நாலு பேருக்கும் பொதுவா ஒரு ஃப்ளைஷீட், அதாவது கூரை மாதிரி மேல கட்டுற மழை ஷீட். டென்ட் டபுள் லேயரா இருக்கணும், அதாவது உள்ள வலை இன்னர், வெளிய மழைக்கு அவுட்டர், ரெண்டும் தனித்தனியா. ஒவ்வொன்னும் ஒன்னரை கிலோவுலேர்ந்து 2 கிலோவுக்குள்ள. இதுக்குக் கீழ எடை குறைக்கணும்னு காசைக் கொட்டாதீங்க, ஏன்னா நம்ம ஊரு காட்டுல டென்ட்டுக்கு எடையை விட முக்கியமான ஒரு வேலை இருக்கு, காத்து விடணும்.

ஆன்லைன்ல வர ரிவ்யூல முக்கால்வாசி அமெரிக்கா, ஐரோப்பா ஆளுங்க எழுதுனது. அவங்களுக்கு ராத்திரி குளிரு, காத்து வறண்டது, அதுக்கு ஏத்த மாதிரி டென்ட் செய்றாங்க. நமக்கு அடிவாரத்துல ராத்திரி 23, 24 டிகிரி, காத்துல ஈரம் ஏறக்குறைய முழுசா நிக்குது, மலை ஏற ஏற 1000 மீட்டருக்கு 6 டிகிரி கிட்ட குறையும். ஒரு ஆளு தூங்குறப்ப மூச்சுலயும் வேர்வையிலயும் ஒரு ராத்திரிக்குக் கால் லிட்டருக்கு மேலயே ஈரம் விடுறாரு, நாலு பேரு ஒரே கூட்டுக்குள்ள படுத்தா ஒரு லிட்டர் தண்ணி எங்கயாவது போய் ஒட்டியாகணும், அது ஒட்டுற இடம் அவுட்டரோட உள்பக்கம். விடியக்காலையில அது சொட்டு சொட்டா இறங்குறப்ப பாதிப் பேரு டென்ட் ஒழுகுதுன்னு நினைச்சுக்குவாங்க, துணி ஒழுகவே இல்ல, உள்ள இருந்த ஈரம்தான். சிங்கிள் லேயர் டென்ட்ல அந்தத் தண்ணிக்கும் உங்க ஸ்லீப்பிங் பேக்குக்கும் நடுவுல ஒன்னுமே கிடையாது. டபுள் லேயர்ல நடுவுல வலை இருக்கு, சொட்டுனாலும் பெரும்பாலும் வலையில பட்டு ஓரமா வழிஞ்சிடும். அதனால வாங்குறப்ப பாருங்க, இன்னர் முக்கால்வாசி வலையா இருக்கா, அவுட்டர் மேல வென்ட், அதாவது காத்துப் போற திறப்பு, இருக்கா, அந்த வென்ட் மழையிலயும் திறந்து வைக்கிற மாதிரி சின்னக் கூரை போட்டிருக்கா, அவுட்டரோட கீழ் விளிம்பு தரையைத் தொடாம கொஞ்சம் உசரத்துல நிக்குதா. துணி இன்னர் உள்ள டென்ட் குளிருக்கு நல்லதும்பாங்க, அது நமக்கு வேணாம்.

அந்த வலை வெறும் கொசுத் தொல்லைக்காக மட்டும் இல்ல. 2018லேர்ந்து மலேசியாவுல மனுஷன்கிட்டேர்ந்து மனுஷனுக்குப் பரவுற உள்ளூர் மலேரியா இல்ல, ஆனா குரங்குகிட்டேர்ந்து வர நோலெசி மலேரியா இன்னும் இருக்கு, அதைப் பரப்புற அனாஃபிலிஸ் கொசு காட்டோரத்துல பொழுது சாயுறப்பவும் ராத்திரியிலயும்தான் கடிக்குது. கடற்கரைப் பக்கம் போனா அகாஸ், கடிக்கிற பொடிப் பூச்சி, சாதாரண வலையில புகுந்து வரும், அதனால கண்ணு ரொம்ப சின்னதா உள்ள வலையா பாருங்க. வலை மேல வாயை வச்சு ஊதிப் பாருங்க, காத்து போகணும், ஆனா கண்ணுக்கு ஓட்டை தனித்தனியா தெரியக் கூடாது. ஃப்ளைஷீட் கட்டி கீழ ஒரு கிரவுண்ட்ஷீட் விரிச்சுப் படுக்கிற நம்ம பழைய ஸ்டைல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், எடையும் கம்மி, காத்துக்கும் அதை அடிச்சுக்க ஆளில்ல, ஆனா முதல் தடவை ராத்திரி தங்குறவங்களுக்கு அட்டையும் கொசுவுமா ஆயிடுச்சுன்னா மலையே வேணாம்னு வந்துடுவாங்க.

இப்ப ஒன்னா ரெண்டாங்குற விஷயம். கணக்குல பார்த்தா நாலு பேரு டென்ட் ஒன்னு தலைக்கு எடை கொஞ்சம் கம்மியா வரும், உண்மைதான், ஆனா நல்ல லைட்டான நாலு பேரு டென்ட் 3 கிலோ பக்கம் வரணும்னா உங்க 1200 வெள்ளி பத்தாது, அந்தக் காசுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் காடியில போய் இறக்கி வச்சுக் கட்டுற ஃபேமிலி டென்ட்தான், 5 கிலோ 6 கிலோன்னு வரும். அதை விடப் பெரிய பிரச்சனை இடம். நாலு பேரு டென்ட்டுக்கு 2 மீட்டருக்கு மேல நீளம், 2 மீட்டருக்கு மேல அகலம், சுத்தி கயிறு கட்ட இன்னும் கொஞ்சம், இந்த அளவுக்குச் சமமான தரை நம்ம காட்டுல எங்க கிடைக்கும்? வேருக்கும் பாறைக்கும் நடுவுல கிடைக்கிற துண்டு இடம் ஒவ்வொன்னும் ரெண்டு பேருக்குத்தான் சரியா வரும். தஹான்ல மெராப்போ பக்கமா ஏறுனா மேல வர கேம்ப்ல இன்னும் நெருக்கடி, வேற குரூப்பும் அதே ராத்திரி அங்கதான் இருக்கும். ரெண்டு சின்ன டென்ட்னா எப்படியாவது செருகிடலாம். ஒன்னுல போல், அதாவது டென்ட்டை நிறுத்துற கம்பி, உடைஞ்சா கூட நாலு பேரும் நடுக்காட்டுல நிக்க மாட்டீங்க, தம்பிக்கு லீவு கிடைக்கலன்னா நீங்க ரெண்டு பேரும் ஒன்னை மட்டும் தூக்கிட்டுப் போலாம். அப்புறம் கல்யாணம் ஆனவங்க, தம்பி, தம்பி கூட்டாளின்னு இருக்கிற குரூப்ல தனித்தனியா படுக்கிறதுதான் எல்லாருக்கும் சங்கடம் இல்லாதது, இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடுறேன்.

டேக்ல ரெண்டு பேருன்னு போட்டிருந்தா படுக்கிற மேட் ரெண்டு இடிச்சுக்கிட்டுப் போடுற அளவுன்னு அர்த்தம். சாதாரண மேட் 51 செ.மீ. அகலம், இன்னர் 125லேர்ந்து 130 செ.மீ. இருந்தா ரெண்டு மேட் போக ஒரு சாண் அகலம் மிஞ்சும், பேக் உள்ள வராது, அதனால வெளிய அவுட்டருக்குக் கீழ பேக் வைக்கிற இடம் இருக்கணும். பக்கத்துக்கு ஒரு கதவுன்னு ரெண்டு கதவு இருந்தா ராத்திரி ஒருத்தர் மேல ஏறி ஒருத்தர் வெளிய போற வேலை இல்ல, காத்தும் குறுக்கால ஓடும். இதுக்காக 200 கிராம் கூடுனா கூடட்டும். வீட்டுக்காரரு 6 அடி பக்கம் இருந்தா 210 செ.மீ. நீளத்துக்குக் குறைஞ்சு எடுக்காதீங்க, சரிவான டென்ட்ல கால்மாட்டுத் துணி பாதத்துல ஒட்டும், ஒட்டுன இடத்துல ஈரம் இறங்கிடும்.

அடுத்தது மழை. நம்ம மேற்குக் கரைப் பக்கம் ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் மாசத்துல மத்தியானத்துக்கு மேல இடியோட கொட்டும், நீங்க கேம்ப் சைட் போய்ச் சேர நேரமும் அதேதான். நிறைய டென்ட்ல முதல்ல இன்னரைக் கட்டி அப்புறம் அவுட்டரைப் போடணும், கொட்டுற மழையில வலை இன்னரைக் கட்டுனா படுக்கிற தரை குளமாயிடும். அவுட்டரை முதல்ல நிறுத்திட்டு அதுக்குக் கீழ இன்னரை மாட்டுற டிசைன் நமக்கு ஏத்தது. இல்லாட்டி முதல்ல ஃப்ளைஷீட்டை உசரமா கட்டிட்டு அதுக்குக் கீழ டென்ட்டைக் கட்டி ஓரமா நகர்த்திக்கலாம், அதுக்கு டென்ட் பெக் (தரையில அடிக்கிற முளை) இல்லாம தானா நிக்கிற வகையா இருக்கணும். 3க்கு 4 மீட்டர் ஃப்ளைஷீட் ஒன்னு 1 கிலோவுக்குள்ள கிடைக்கும், சமையலும் அதுக்குக் கீழதான், டென்ட்டுக்குள்ள அடுப்பு பத்த வைக்கவே கூடாது, தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம்.

துணியில ரெண்டு வகை பார்ப்பீங்க, நைலான், பாலியஸ்டர். ரிவ்யூல எல்லாம் நைலானைத்தான் தூக்கி வச்சுப் பேசுவாங்க, அதே எடைக்கு அது சீக்கிரம் கிழியாது, அது சரி. ஆனா நைலான் தண்ணியை உறிஞ்சி இழுபட்டுத் தொங்கும், சாயந்தரம் விறைப்பா கட்டுனது நடு ராத்திரியில தொளதொளன்னு ஆகி இன்னர் மேல ஒட்டும், எந்திரிச்சுப் போய் கயிறை இழுத்துக் கட்டணும். பாலியஸ்டர் அவ்வளவா இழுபடாது, ஈரமும் கம்மியா குடிக்கும், மறுநாள் மடிச்சுத் தூக்குறப்ப அந்த வித்தியாசம் தோள்ல தெரியும். நம்ம மழைக்கு நான் பாலியஸ்டர் பக்கம்தான். நீர் தாங்குற அளவை மி.மீ. கணக்குல போடுவாங்க, அவுட்டருக்கு 1500, 2000 இருந்தா போதும், அடித்தரைக்கு 3000 இருந்தா நிம்மதி, ஏன்னா முட்டியை ஊன்றப்ப அங்கதான் அழுத்தம். 10000னு போட்டு விலை ஏத்துனா ஏமாறாதீங்க. போல் மட்டும் அலுமினியம், ஃபைபர்கிளாஸ் வேணாம், எடையும் கூட, உடைஞ்சா சிலாம்பு சிலாம்பா கையில ஏறும்.

உங்க பட்ஜெட்டுல நேச்சர்ஹைக் மோங்கார் ரெண்டு பேரு டென்ட் பாருங்க, 2 கிலோ பக்கம் வரும், ரெண்டு கதவு, தானா நிக்கும், மேல வலை நிறைய. அதே கம்பெனியோட கிளவுட் அப் இன்னும் லைட், ஆனா கதவு ஒன்னுதான், அதுவும் தலைமாட்டுல, கால்மாட்டுல பெக் அடிச்சாத்தான் விரியும், நாலு பேருல ரெண்டு பசங்களுக்குன்னா ஓகே. த்ரீஎஃப் லான்ஷான் 1.1 கிலோ பக்கம்தான், ட்ரெக்கிங் போல் ரெண்டை வச்சே நிறுத்துறது, மழைக்கு நல்ல டிசைன், ஆனா துணி நைலான், தையல்ல சிலிக்கோன் நாமளே பூசணும், பெக் பிடிக்காத தரையில நிக்காது. கெராச்சுட் மணல்ல சாதாரண பெக் பிடுங்கிட்டு வரும், பிளாஸ்டிக் பையில மணலைக் கட்டி கயிறோட ஒரு முழம் ஆழத்துல புதைக்கணும். அங்க குரங்கு டென்ட்டைக் கிழிக்கிறது பிஸ்கட் வாசனைக்குத்தான், சாப்பாட்டை டென்ட்டுக்குள்ள வைக்காதீங்க, மூடி இறுக்கமா உள்ள டப்பாவுல போட்டு ஆளு பக்கத்துல வச்சுக்குங்க. ஆமை முட்டை போடுற கடற்கரை அது, ராத்திரி லைட்டை மணல் பக்கம் அடிக்காதீங்க.

கடைக்குப் போனா விரிச்சுக் காட்டச் சொல்லுங்க. போன் டார்ச்சை அவுட்டரோட வெளிப்பக்கம் வச்சு உள்ளேர்ந்து தையலைப் பாருங்க, டேப் ஒட்டியிருந்தா தையல் நீளத்துக்கும் ஒரு பட்டை தெரியும், மூலையில அந்தப் பட்டை மடிஞ்சிருக்கா, தூக்கிக்கிட்டு நிக்குதான்னு கவனிங்க, ஒழுகல் ஆரம்பிக்கிறது மூலையிலதான். ஜிப்பை ஒரே கையால இழுத்துப் பாருங்க, துணியைக் கவ்வுதுன்னா இருட்டுல அழ வச்சிடும். எடைக்கு டேக்கை நம்பாம தராசுல வைக்கச் சொல்லுங்க, சில கம்பெனி பெக், கயிறு, பை எல்லாம் சேர்க்காத எடையைப் பெருசா போட்டிருப்பாங்க. கரௌசெல் ஆப்ல செகண்ட் ஹேண்ட் பார்த்தீங்கன்னா அவுட்டரோட உள்பக்கத்தைக் கட்டைவிரலால தேய்ங்க, பிசுபிசுன்னு ஒட்டுனாலோ வாந்தி மாதிரி புளிச்ச வாடை வந்தாலோ தண்ணி புகாம இருக்கப் பூசுன பியூ கோட்டிங் செத்துப்போச்சு, சும்மா குடுத்தாலும் வேணாம்.

எங்க கட்டுறதுங்குறது எந்த டென்ட்ங்குறதை விடப் பெரிய விஷயம், இதுல நான் கண்டிப்பாத்தான் பேசுவேன். நுவாங்ல கேம்ப் லோலோ ஆத்தோரம், தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே படுக்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா மேல மலையில பெய்ஞ்சா உங்க தலைக்கு மேல வானம் தெளிவா இருக்கிறப்பவே கெப்பாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளம், வரும். தண்ணி திடீர்னு கலங்குனா, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தா, இரைச்சல் மாறுனா சாமானை விட்டுட்டு மேட்டுக்கு ஏறிடணும். டென்ட்டை ஆத்துலேர்ந்து தள்ளி, உசரத்துல கட்டுங்க. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியக்காலை பத்தாங்காலியில மண் சரிஞ்சு கேம்ப்ல தூங்குன 31 பேரு செத்துப்போனாங்க, குழந்தைங்களும் அதுல. செங்குத்தான சரிவுக்கு, வெட்டுன மேட்டுக்கு அடியில படுக்காதீங்க, அதுவும் நாள் கணக்கா மழை பெய்ஞ்சிருந்தா பயணத்தையே தள்ளிப் போடுங்க. தலைக்கு மேல காஞ்ச கிளை இருக்கான்னு அண்ணாந்து பாருங்க, உலு லங்காட் பக்கம் சீசன் நேரத்துல டுரியான் மரமான்னும் பாருங்க. நுவாங்ல தங்குறதுக்குப் பெர்மிட் நிலவரத்தை வன இலாகாகிட்ட கேட்டுட்டுப் போங்க, தஹானுக்குக் கைடு இல்லாம விட மாட்டாங்க.

தூக்குறப்ப ஒரே ஆளு தலையில டென்ட்டைக் கட்டாதீங்க. ஒருத்தர் அவுட்டரும் பெக்கும், இன்னொருத்தர் இன்னரும் போலும், ஈரமான அவுட்டரைத் தனி பிளாஸ்டிக் பையில போட்டு பேக்குக்கு வெளிய வைங்க, உள்ள போட்டா காஞ்ச இன்னரும் நனைஞ்சு அடுத்த ராத்திரி ஈரத்துல படுக்கணும். வீட்டுக்கு வந்த அன்னைக்கே பால்கனியில, இல்ல ஃபேனுக்குக் கீழ விரிச்சுக் காயப் போடுங்க, வெயில்ல மணிக்கணக்கா போடாதீங்க, துணி பலவீனமாயிடும். காஞ்சப்புறம் வந்த பையில இறுக்கித் திணிக்காம பழைய தலையணை உறையில தொளதொளன்னு போட்டு அலமாரிக்குள்ள வைங்க, காடி பூட்ல வேணாம், அந்தச் சூட்டுலயும் ஈரத்துலயும்தான் கோட்டிங் சீக்கிரம் பிசுபிசுத்துப் போகுது. நுவாங் போறதுக்கு முந்தின வாரம் பக்கத்து பூங்காவுலயோ வீட்டு வாசல்லயோ நாலு பேரும் சேர்ந்து ஒரு தடவை கட்டி, ஹோஸ் பைப்பை பத்து நிமிஷம் மேல அடிச்சுப் பாருங்க, அப்ப எங்கயாவது சொட்டுனா கடையில மாத்திக்க நேரம் இருக்கும்.