நரம்பை இழுத்தால் நீளுமா, அறுமா?

கேள்வி: ஐயா, என் மகன் ஒரே வருடத்தில் நாலு விரற்கடை வளர்ந்துவிட்டான். எலும்பு வளர்கிறது, சரி. முதுகிலிருந்து கால் வரை போகும் நரம்பு என்ன ஆகும்? தறியில் பாவு நூலை இழுத்தால் அறுந்துதானே போகும்?
- பட்டு நெசவாளர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: முப்பது வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன், ஒரு மாணவன்கூட இதைக் கேட்டதில்லை. தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் தோன்றியிருக்கிறது!

முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை போகும் ஒற்றை நரம்பிழை, பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். கருவில் அது நுனியால் வழி தேடி ஊர்ந்து போய்த் தசையைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது தூரம் கொஞ்சம்தான். அதன்பின் நுனிக்கு ஊரும் வேலை இல்லை. எலும்பு நீள நீள, இரு முனையும் கட்டுண்ட இழை இழுபடுகிறது. அந்த இழுவைதான் அதற்கு 'வளர்' என்கிற உத்தரவு. இழை கிளம்புகிற நரம்புச் செல் புதுச் சரக்கு தயாரித்து இழை நெடுக அனுப்புகிறது. உங்கள் பாவு நூல் ஏற்கெனவே நூற்று முடிந்தது. இதுவோ இழுபட்டுக்கொண்டே தன்னை நூற்றுக்கொள்கிற நூல்.

1984இல் டென்னிஸ் பிரே என்கிற உயிரியல் ஆய்வாளர், கோழிக்குஞ்சின் நரம்புச் செல்லைக் கண்ணாடி ஊசியால் மெல்ல இழுத்துப் பார்த்தார். இழுத்த பக்கம் இழை வளர்ந்தது. 2004இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எலியின் நரம்பிழைகளை நாளுக்கு 8 மில்லிமீட்டர் வேகம் வரை இழுத்து வளர்த்தார்கள். எடுத்த எடுப்பில் அல்ல, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டித்தான்.

குட்டையான காலை நீட்டும் இலிசரோவ் சிகிச்சையிலும் இதே நிதானம்தான். நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதுவும் நாலு தவணையாக. அவசரப்பட்டால் பாதம் மரத்துப்போகலாம்.

பரோட்டா மாவை மெல்ல இழுத்தால் நீள்கிறது, வெடுக்கென்று இழுத்தால் பிய்கிறது இல்லையா? என் சித்தப்பா மகன் ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் பைக்கோடு சறுக்கினான். தோள் தரையில் மோதியது, தலை எதிர்ப்பக்கம் வெட்டியது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கொத்து பிய்ந்துவிட்டது. எலும்பு ஒன்றுகூட முறியவில்லை, ஆனால் வலது கை இன்றும் தொங்குகிறது. (ஹெல்மெட் போட்டிருந்தான். தலை தப்பியது அதனால்தான். தோளுக்கு ஹெல்மெட் இல்லையே.)

மூளைக்குள்ளும் இப்படி நடக்கும். தலை சடாரென்று சுழலும்போது, இழைக்குள் தண்டவாளம் மாதிரி ஓடும் நுண்குழல்கள் முறிந்து, சரக்கு அங்கங்கே தேங்கி வீங்குகிறது. மண்டை ஓட்டில் கீறல்கூட இருக்காது. சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஆள் மட்டும் பழைய ஆளாக இருக்க மாட்டார்.

கேள்வி: தினமும் கம்பியில் தொங்கினால் உயரமாவேனா சார்?
- பிளஸ் டூ மாணவர், ஏற்காடு

பதில்: மாட்டாய், தம்பி. முன்னே போவது எலும்பு, பின்னால் வருவது நரம்பு. எலும்பு நீள்வது அதன் முனையிலுள்ள வளர்தட்டு என்கிற குருத்தெலும்பு அடுக்கால். தொங்கினால் உள்ளங்கைதான் காய்த்துப்போகும்.