புது லாரா அழுமூஞ்சியோ, பழைய லாராதான் கெத்தோ? பாஸ் சண்டையள் ஏன் சப்பெண்டு போச்சுது?

கேள்வி கேட்டவர் தம்பியாத்தான் இருப்பீர் எண்டு நினைக்கிறன், இல்லாட்டி குறை நினையாதேங்கோ. ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸப்பில கூட்டாளியோட சண்டை பிடிச்சுப்போட்டு உம்மட பக்கத்துக்கு ஆள் சேர்க்கத்தான் இதை இங்க போட்டிருக்கிறீர், அது விளங்குது. 2013இல வந்த டூம்ப் ரைடர் கம்ப்யூட்டர் கேமில அதின்ர நாயகி லாரா எப்ப பாத்தாலும் அழுறாள், பழைய கேமுகளில வந்த லாரா கெத்து, புதுசில ஒழுங்கான பாஸ் ஃபைட்டும், அதான் பெரிய எதிரியோட வாற சண்டையும் இல்லை, சரியா பிழையா எண்டு கேட்டிருக்கிறீர். பாதி சரி, பாதி விசர்க் கதை. கீழ கனபேர் வந்து "உண்மை ப்ரோ" போட்டிருக்கினம். அதில ஒருத்தர், பொம்பிளைப் பிள்ளையளுக்கு இதுகளைப் பற்றி என்ன தெரியும், அவை கேண்டி க்ரஷ் விளையாடட்டும் எண்டு எழுதியிருக்கிறார். நான் வழமையா இங்க வாசிச்சிட்டுப் போற ஆள். அந்த ஒரு வரிக்காகத்தான் இண்டைக்கு இருந்து டைப் பண்ணுறன்.

நான் யாழ்ப்பாணம், கொக்குவில். 2004இல எனக்கு 12 வயசு. அதுக்கு ரெண்டு வருசத்துக்கு முதல்தான் போரால பூட்டிக் கிடந்த ஏ9 பாதை திறந்தது, அதோட கொழும்பில இருந்து சாமான் வரத் தொடங்கி, மாமா ஒரு பழைய கம்ப்யூட்டர் கொண்டுவந்து தந்தவர், விண்டோஸ் 98, ஃபேன் போடுற சத்தத்தில பக்கத்து அறையில படுக்கேலாது. "அண்ணாவின்ர படிப்புக்கு" எண்டு சொல்லி வந்த சாமான். கூடவே மார்க்கர் பேனையால பேர் எழுதின நாலைஞ்சு சீடி, அதில ரெண்டு டூம்ப் ரைடர், 1996இல வந்த முதலாவதும் 1997இல வந்த ரெண்டாவதும். எங்கடை கைக்கு வரேக்கை உலகம் அதை மறந்தே போச்சு, ஆனா எங்களுக்கு அண்டைக்குத்தான் வந்த புதுச் சாமான்.

அண்ணாவும் அவன்ர பொடியளும் விளையாடுறதெண்டா என்ன செய்வாங்கள் எண்டு நினைக்கிறியள்? லாராவின்ர வீட்டில ஒரு கிழட்டு பட்லர் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலயே வருவார், அவரைக் கூட்டிக்கொண்டுபோய் குளிர் அறைக்குள்ள வைச்சுப் பூட்டுவாங்கள். அது முடிய அந்தச் சீட் கோட், கேமை ஏமாத்திற ரகசிய வித்தை. லாரா உடுப்பில்லாமல் வாறதுக்கு ஒரு சீட் கோட் இருக்காம், ஒரு அடி முன்னுக்கு, ஒரு அடி பின்னுக்கு, மூண்டு தரம் சுத்திப்போட்டுப் பாயோணுமாம், ரியூசனில ஆரோ ஒருத்தன் சொன்னவனாம். நாலு பொடியள் கதிரையைச் சுத்தி நிண்டு, கதவையும் சாத்திப்போட்டுச் செய்து பாத்தாங்கள். நான் யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிக்கிறன். மூண்டு தரம் சுத்திப் பாஞ்சவள் பாஞ்ச இடத்திலயே டமார் எண்டு வெடிச்சுக் கைவேற கால்வேறயாச் சிதறிப்போனாள். கேமைச் செய்தவை உண்மையாவே ரெண்டாவது கேமில அப்பிடித்தான் வைச்சிருக்கினம். அண்டைக்கு அவங்கட மூஞ்சியைப் பாத்த சந்தோசத்தில தொடங்கினதுதான் எனக்கு இந்த விளையாட்டுப் பைத்தியம்.

சரி, பாஸ் சண்டைக்கு வாறன். முதலாவது கேமில மூண்டாவது கட்டம், பெருவில ஒரு பள்ளத்தாக்கு. அது வரைக்கும் ஓநாய், வௌவால், கரடிதான் வரும். பள்ளத்தாக்குக்குள்ள இறங்கினா முதல்ல சின்ன டைனோசர். அதைச் சுட்டுப்போட்டு "அப்பாடா" எண்டு நிக்கேக்கை இருட்டுக்குள்ள இருந்து டி-ரெக்ஸ் வரும். அதுக்கு முதல் ஒரு எச்சரிக்கையும் இல்லை. இன்ன பட்டனை அமத்து எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம், எங்க சுடோணும் எண்டு சிவப்பு வட்டமும் வராது. நான் முதல் தரம் பயத்தில கீபோர்ட்டை விட்டிட்டு எழும்பிட்டன், அது அவளை வாயால கவ்விக் குலுக்கி எறிஞ்சுது. எத்தினை தரம் செத்திருப்பன் எண்டு கணக்கில்லை. பிறகுதான் ஒரு பக்கத்துப் பாறைக்குள்ள சின்னக் குகை இருக்கிறதைக் கண்டனான், அதுக்குள்ள நிண்டா அதுக்குத் தலையை நுழைக்கேலாது. உள்ளுக்க நிண்டு கன்ட்ரோல் பட்டனை அமத்திப் பிடிச்சபடி சுட்டு விழுத்தினன். அண்ணாவுக்கு அந்தக் குகை தெரியாது. இண்டைக்கு வரைக்கும் அதை நான்தான் கண்டுபிடிச்சன் எண்டு அவன் ஒத்துக்கொள்ளமாட்டான், கனடாவில இருந்துகொண்டு இப்பவும் மறுக்கிறான்.

அதை விடப் பெருசு ரெண்டாவதின்ர ட்ராகன். பார்டோலி எண்ட இத்தாலிக்காரன் நெஞ்சில குத்துவாள் இறங்கினாப்பிறகு ட்ராகனா மாறுவான். நெருப்புக் கக்கும், பட்டா எரிஞ்சு முடிஞ்சுது. சுத்திச் சுத்தி ஓடிச் சுட்டு விழுத்தினாலும் அது சாகாது, கொஞ்ச நேரத்தால திரும்ப எழும்பும். விழுந்து கிடக்கிற அந்த நேரத்துக்குள்ள வயித்தடிக்கு ஓடிப்போய் குத்துவாளை இழுத்து எடுக்கோணும், சரியான இடத்தில நிக்காட்டி கை எட்டாது. இதை நான் செய்து முடிச்சது 2006இல, ஆவணியில பாதை திரும்பப் பூட்டினாப்பிறகு. ஊரடங்கு, ஆறு மணிக்குப் பிறகு ஒழுங்கையில நாய்தான் நிக்கும், கரண்ட் இருக்கிற நேரம் பாத்து இருக்கோணும். அம்மா குப்பி விளக்கைத் துடைச்சு வைச்சிட்டு "போகப் போகுது, நிப்பாட்டடி" எண்டு சொல்லிக்கொண்டே இருப்பா. நான் குத்துவாளை உருவின கையோட சேவ் பண்ணிப்போட்டு அப்பிடியே இருந்தனான், கை நடுங்கினது. 14 வயசு. ரியூசனுக்குப் போறதெண்டாக்கூட அண்ணா பின்னால சைக்கிள்ல வருவான், கடைக்கெண்டா அப்பா. குறை சொல்லேல்ல, அந்த நேரம் அப்பிடி. ஆனா அந்த அறைக்குள்ள மட்டும் எனக்குப் பின்னால ஒருத்தரும் வரேல்ல.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்லுறன் எண்டா, 2012இல, புது டூம்ப் ரைடர் வாறதுக்கு முதல் வருசம், அதின்ர தயாரிப்பாளர் ஒருத்தர் ஒரு பேட்டியில, விளையாடுறவை தங்களை லாராவா நினைக்கமாட்டினம், அவளைக் காப்பாத்தோணும் எண்டுதான் நினைப்பினம் எண்ட மாதிரி ஒரு கதை சொன்னவர். அப்பவே பெரிய சண்டை நடந்தது. எனக்கு அதை வாசிக்கேக்கை வந்த கோவத்தை இங்க எழுதேலாது. காப்பாத்துறதோ? டி-ரெக்ஸ் வரேக்கை நான் ஆரையும் காப்பாத்தேல்ல ஐயா, நான்தான் ஓடினனான்.

இப்ப உம்மட கேள்வி. அழுறதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 21 வயசுப் பெட்டை, கப்பல் உடைஞ்சு யமதாய் எண்ட தீவில ஒதுங்குறாள், தொடக்கத்திலயே இடுப்பில கம்பி ஏறுது, முதல் முதலா ஒரு ஆளைச் சுட்டுப்போட்டு நடுங்கிறாள். நடுங்காட்டித்தான் பிழை. இதை ரியானா பிராட்செட் எண்ட பொம்பிளை எழுதினவ, அந்த நடுக்கம் நல்லா எழுதுப்பட்டிருக்கு எண்டுதான் நான் சொல்லுவன். அடுத்த பத்து நிமிசத்தில அவள் வில்லை எடுத்து வரிசைக்குச் சாய்க்கத் தொடங்கிறதுதான் சிரிப்பு வரும், அது வேற விசயம்.

எனக்கு ஏறாதது, முக்கியமான இடம் வந்தா உடன கேம் என்ர கையில இருக்கிறதைப் பறிச்சுப்போடும். ஓநாய் பாயுதோ, இந்தப் பட்டனை அமத்து. ஒருத்தன் கழுத்தைப் பிடிக்கிறானோ, அந்தப் பட்டனை அமத்து. ஒரு செக்கன் பிந்தினா அவள் சாகிற விதத்தை கேமரா கிட்டக் கொண்டுபோய்க் காட்டும், ஆத்தில அடிபட்டு வரேக்கை கம்பி கழுத்தில ஏறுற ஒரு காட்சி இருக்கு, எனக்கு அண்டைக்குச் சாப்பாடு இறங்கேல்ல. பழையதில டி-ரெக்ஸ் கவ்வினாலும் கவ்வினதுதான், அதைப் படம் பிடிச்சு ரசிக்கிற மாதிரி இருக்காது.

கடைசிச் சண்டையைப் பாருங்கோ. பெரிய அரக்கன் மாதிரி ஒருத்தன் வருவான், அவனோட உருண்டு விலகிச் சுடுற கட்டம் பரவாயில்லை, அதில கொஞ்சம் எங்கடை கை இருக்கு. அது முடிய மத்தியாஸ், தீவில இருக்கிற வில்லன் கூட்டத்தின்ர தலைவன். முழுக் கேமும் வில்லோட திரிஞ்சவள் முதல் தரமா ரெண்டு கையில ரெண்டு பிஸ்டல் எடுக்கிறாள், எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு கதிரை நுனிக்கு வந்திட்டன், பாத்தா ரெண்டு பட்டனை மாறி மாறி அமத்தினாக் காணும். முடிஞ்சுது. 1996இல இருந்து அவளின்ர அடையாளமே அந்த ரெண்டு பிஸ்டல், அதைத் தந்திட்டு ஒரு அடி நடக்கக்கூட விடேல்ல. அப்ப நான் சொல்லுறது என்னெண்டா, நீங்கள் எல்லாரும் அவள் அழுறாளோ சிரிக்கிறாளோ எண்டு முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள், பாஸை ஆர் அடிக்கிறது எண்டதுக்குள்ளதான் அவளை என்னவா நினைச்சிருக்கினம் எண்டது இருக்கு. காப்பாத்தோணும் எண்டு சொன்னவை கடைசியில எங்களிட்ட இருந்தே அவளைக் காப்பாத்திப்போட்டினம்.

இதுக்குள்ள என்ர ஒரு வயித்தெரிச்சலையும் சொல்லிப்போடுறன். நான் 2013 கேமை விளையாடினது பிந்தி, 2022இல. பங்குனி கடைசியில நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கும். சம்பளத்தில மிச்சம் பிடிச்சு டவுனில ஒரு யூபிஎஸ் வாங்கினனான், கடைப் பேர் வேண்டாம். வாங்கப் போகேக்கையே "தம்பிக்கோ தங்கச்சி?" எண்டு கேட்டவர், சரி போகட்டும். மூண்டு கிழமையில பேட்டரி ஊதி, கீ கீ எண்டு கத்தத் தொடங்கிட்டுது. கொண்டுபோனா, கரண்ட் அடிக்கடி போய் வந்ததாலதான் பழுதாம், அதுக்கு வாரண்டி இல்லையாம். யூபிஎஸ் வேற எதுக்கு வாங்கிறது? கோவிலுக்குக் குடுக்கவோ? அது இப்பவும் கட்டிலுக்குக் கீழ கிடக்கு.

பழசு எல்லாம் பொன் எண்டும் நான் சொல்ல வரேல்ல, உடன கீழ வந்து "பழைய லாராவை என்னமா காட்டினாங்க தெரியுமா" எண்டு கிளம்பாதேங்கோ, தெரியும். உருவாக்கின டோபி கார்டே முதலாவது முடிய கம்பனியை விட்டு வெளிக்கிட்டவர், அவளை விளம்பரத்தில காட்டின விதம் அவருக்குப் பிடிக்கேல்ல எண்டுதான் கதை. பொடியளுக்காக வரைஞ்ச உடம்புதான் அது, இல்லையெண்டு சொல்லேலாது. ஆனா ரெண்டாவதின்ர முடிவைப் பாத்தனீங்களோ? ட்ராகனை முடிச்சு வீட்டை வந்து, வீட்டுக்குள்ள பூந்த அடியாக்களையும் சுட்டு முடிச்சு, குளிக்கப் போறதுக்கு இடுப்புப் பட்டியில கையை வைப்பாள். வைச்சிட்டு எங்களைத் திரும்பிப் பாத்து, பாத்தது காணாதோ எண்ட மாதிரிக் கேட்டுப்போட்டு துவக்கால நேரா எங்களுக்கே சுடுவாள். அந்த இடத்தில அண்ணாவின்ர பொடியள் ஒருத்தனும் வாய் திறக்கேல்ல.

1998இல வந்த மூண்டாவதைப் பற்றியும் ஒண்டு. அது இந்தியாவில தொடங்கும், கோயில் இடிபாட்டுக்குள்ள ஆறு கையில ஆறு வாளோட ஒரு சிலை உயிர் பெற்று வரும், அதுக்குப் பேர் சிவா. சுட்டா வாளால மறிக்கும், மறிப்பை விடுற நேரம் பாத்துச் சுடோணும், அருமையான சண்டை. அம்மம்மா ஒரு நாள் பின்னால வந்து நிண்டு பாத்திட்டு "என்னடி பிள்ளை சாமியைச் சுடுறாய்" எண்டு நெஞ்சில கையை வைச்சிட்டா. பேர் சிவனாம் எண்டன். கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. "சிவனுக்கு ஏனடி ஆறு வாள்? அது சிவனில்லை, நீ சுடு" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா. 2024 மாசியில இந்த மூண்டையும் புதுப்பிச்சு விட்டிருக்கினம், தொடக்கத்திலயே இதில இன, கலாசாரங்களைப் பிழையாக் காட்டின இடங்கள் இருக்கு எண்டு ஒரு அறிவித்தல் வரும். அம்மம்மா இருந்திருந்தா வாசிச்சுக் காட்டியிருப்பன்.

2018இல வந்த டூம்ப் ரைடரில நான் பாதியில நிக்கிறன், அதைப் பற்றி என்னோட வாதாட வராதேங்கோ.

அந்தப் புதுப்பிச்சதைத்தான் இப்ப அக்காவின்ர மகன் லீவுக்கு வந்து நிண்டு விளையாடுறான், 11 வயசு. முதல்ல "சித்தி இதென்ன பெட்டி பெட்டியா இருக்கு" எண்டு சிரிச்சவன், இப்ப ட்ராகனில நிக்கிறான். நாலு நாளா நிக்கிறான். குத்துவாளை இழுக்கோணும் எண்டது அவனுக்கு இன்னும் விளங்கேல்ல, அது எழும்ப எழும்பச் சுட்டுக்கொண்டே இருக்கிறான். வெள்ளிக்கிழமை கொண்ட்ரோலரைக் கொண்டுவந்து மடியில வைச்சு "ஒருக்கா முடிச்சுத் தாங்கோ" எண்டான். மாட்டன் எண்டு சொல்லிட்டன். அண்டையில இருந்து என்னோட கதையில்லை, நேற்று அக்கா ஃபோன் எடுத்து, சின்னப் பிள்ளையோட என்ன உனக்குப் போட்டி எண்டு பேசுறா.