மேடையில் தந்த தாள்

அன்புள்ள ஐயா,

ஜூலை 15, உலக இளைஞர் திறன் நாள் விழாக்களை ‘மேடைச் சடங்கு’ என்று எழுதியிருந்தீர்கள். என் மகன் சேலத்தில் ஐடிஐ முடித்தவன். அவன் அங்கி அணிந்து சான்றிதழ் வாங்கியபோது, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவும் சடங்குதானா?

வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

சடங்குதான்; ஆனால் அது வேண்டாம் என்று நான் எழுதவில்லை. வேலையிடத்திலேயே தொழில் கற்கும் பழகுநர்களுக்கான தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. ஐடிஐ மாணவர்களுக்கு நாடு தழுவிய பட்டமளிப்பு விழா முதன்முதலாக நடந்ததோ 2022 செப்டம்பர் 17 அன்று. கல்லூரிப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த அங்கி ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கையில், தகப்பன் கண் கலங்குவதில் வியப்பில்லை.

மேடையை விட்டு இறங்கிய பிறகு அந்தத் தாள் எங்கே செல்லுபடியாகிறது என்பதே என் கேள்வி. ரயில்வேயில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு, அதன் கடைநிலைப் பணிகளுக்கான நேரடி நியமனத்தில் 20 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. விழாவே நடக்காவிட்டாலும் அந்தப் பழகுநர் சான்றிதழுக்கு மதிப்பு குறையாது.

உங்கள் தொழிலையே பாருங்கள். 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு அது விருப்பம் மட்டுமே. கொலுசுப் பட்டறைகள் பலவும் இந்த இரண்டாம் வகையில்தான் வரும். வெங்காரம் தடவிய கொலுசு வளையத்தில் பற்றவைக்கும் ஒட்டு உருகி ஓட வேண்டும், ஆனால் வெள்ளி உருகிவிடக் கூடாது என்ற அந்த நொடியை, வெள்ளி சிவக்கும் நிறத்தைப் பார்த்தே கண்டுகொண்டு தீயை விலக்கும் பையனுக்கு மேடையும் இல்லை, தாளும் இல்லை. முன்பே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு அரசிடம் இருக்கிறது. அதில் சோதிப்பவர் பட்டறையில் உட்கார்ந்து பழகியவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சான்றை எந்த முதலாளியும் பொருட்படுத்த மாட்டார்.

உங்கள் மகன் எங்கேனும் பழகுநராகச் சேர்ந்தால், ஒப்பந்தம் அரசின் பழகுநர் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா, உதவித்தொகை வங்கிக் கணக்கில் வருகிறதா என்று முதல் மாதமே பார்த்துவிடுங்கள். பதிவு இல்லாமல் ஓராண்டு உழைத்தாலும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்காது. உங்கள் பட்டறையில் நான்கு பேர் இருந்தால், அங்கே தொழில் பழகும் பையனையும் அதே முறையில் பதிவு செய்ய முடியுமா என்று விசாரியுங்கள்.